டீபக்கரில் மட்டும் நிற்கிறதே, புரோகிராமில் கோளாறா?

கேள்வி: பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறேன் சார். சி பிளஸ் பிளஸ், விஷுவல் ஸ்டுடியோ. டீம் லீட் சொன்னார் என்று எக்ஸெப்ஷன் (புரோகிராம் ஓடும்போது எழும் பிழை அறிவிப்பு) செட்டிங்ஸில், எழுந்த உடனே நிறுத்தச் சொல்லும் எல்லா டிக்கையும் போட்டேன். இப்போது எஃப்5 அழுத்தி டீபக்கரில் (பிழை தேடும் கருவி) ஓட்டினால், கான்ஃபிக் ஃபைல் படிக்கும் லைப்ரரிக்குள் திரும்பத் திரும்ப நிற்கிறது. டீபக்கர் இல்லாமல் ஓட்டினால் எந்தச் சிக்கலும் இல்லை. இன்னொன்று, கிராஷ் ஆனால் டம்ப் (அந்த நேரத்து மெமரி நிலையின் பதிவு) எழுத நாங்கள் பதிவு செய்து வைத்திருக்கும் ஃபங்ஷன் டீபக்கரில் ஓடுவதே இல்லை. ஏன்?

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் கோளாறு எதுவும் இல்லை. விண்டோஸில் எக்ஸெப்ஷன் எழுந்ததும் முதல் தகவல் டீபக்கருக்குத்தான் போகும், உங்கள் கேட்சுக்கு (எக்ஸெப்ஷனைப் பிடித்துக் கையாளும் பகுதி) அல்ல. இதை ஃபர்ஸ்ட் சான்ஸ் என்பார்கள். டீபக்கர் தலையிடாமல் விட்டால்தான், அதைப் பிடிக்கக்கூடிய கேட்ச் எங்கே என்று ஸ்டாக்கில் (ஒன்றையொன்று கூப்பிட்ட ஃபங்ஷன்களின் அடுக்கு) தேடல் தொடங்கும். எங்கும் கிடைக்காவிட்டால் மறுபடி டீபக்கரிடமே வரும். அது செகண்ட் சான்ஸ். பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

உங்களுக்கு வருவது முதல் வகை. கண்டினியூ கொடுத்தால் லைப்ரரியின் கேட்ச் அதைப் பிடித்துக்கொண்டு வேலையைத் தொடரும். டிக் போடுவதற்கு முன்பும் இவை வந்துகொண்டுதான் இருந்தன; அவுட்புட் விண்டோவைப் பார்த்திருந்தால் வரிவரியாகத் தெரிந்திருக்கும்.

எரிச்சலில் எல்லா டிக்கையும் எடுத்துவிடாதீர்கள். த்ரோ நடந்த, அதாவது எக்ஸெப்ஷன் எழுப்பப்பட்ட, கணத்தில் நிற்பது பெரிய வரம். யார் யாரைக் கூப்பிட்டார்கள், லோக்கல் வேரியபிள்களில் என்ன இருந்தது, எல்லாம் அப்படியே கண்முன் இருக்கும். கேட்சுக்குள் வந்து சேர்வதற்குள் டிஸ்ட்ரக்டர்கள் (ஆப்ஜெக்ட் அழியும்போது ஓடும் ஃபங்ஷன்கள்) ஓடி முடிந்திருக்கும்; மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு வரி மெசேஜ்தான். இங்கே பல புரோகிராம்களில் எல்லாவற்றையும் விழுங்கும் காலி கேட்சைப் பார்க்கிறேன். அப்படிப்பட்ட புரோகிராமில் உண்மையான தவறைக் கண்டுபிடிக்க இதைவிட நேரான வழி இல்லை.

ஆகவே தேர்ந்தெடுத்துப் போடுங்கள். கண்ட்ரோல், ஆல்ட், ஈ அழுத்தினால் அந்த விண்டோ வரும். சி பிளஸ் பிளஸ் பிரிவின் டிக்கை எடுத்துவிட்டு, உங்கள் டீமின் சொந்த எக்ஸெப்ஷன் கிளாஸை அதில் சேர்த்து அதற்கு மட்டும் டிக் போடுங்கள். வின்32 பிரிவில் ஆக்சஸ் வயலேஷன் (தொடக்கூடாத மெமரியைத் தொடும் தவறு) டிக் எப்போதும் இருக்கட்டும். குறிப்பாக ஈஎச்ஏ ஆப்ஷனில் கம்பைல் செய்தால், எதையும் பிடிக்கும் மூன்று புள்ளி கேட்ச் அதையும் சத்தமில்லாமல் விழுங்கிவிடும்.

டிக் எடுத்தாலும் டீபக்கரில் வேகம் குறைவாகத்தான் இருக்கும். ஒவ்வொரு த்ரோவுக்கும் டீபக்கரிடம் போய்த் திரும்ப வேண்டுமே. லூப்புக்குள் ஆயிரக்கணக்கில் த்ரோ செய்யும் லைப்ரரி என்றால் நன்றாகவே உறைக்கும்.

லினக்ஸ் பில்டும் இருந்தால் ஜிடிபி என்ற டீபக்கரில் 'கேட்ச் த்ரோ' கட்டளை கொடுங்கள். அங்கே சாதாரண த்ரோ கெர்னலுக்குத் தெரியாது. சி பிளஸ் பிளஸ் ரன்டைமின் த்ரோ ஃபங்ஷனிலேயே ஜிடிபி நிறுத்தும்.

அடுத்து டம்ப். செட் அன்ஹேண்டில்டு எக்ஸெப்ஷன் ஃபில்டர் என்ற விண்டோஸ் ஃபங்ஷன் மூலம் பதிவு செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். டீபக்கர் ஒட்டியிருந்தால் விண்டோஸ் அந்த ஃபங்ஷனைக் கூப்பிடாது, நேரே செகண்ட் சான்ஸுக்குப் போய்விடும். சோதிக்க, கண்ட்ரோல் எஃப்5 கொடுத்து டீபக்கர் இல்லாமல் ஓட்டி, வேண்டுமென்றே கிராஷ் செய்து பாருங்கள். அந்த ஃபங்ஷனுக்குள் வரிவரியாகப் போய்ப் பார்க்க வேண்டுமானால், தற்காலிகமாக ஒரு எஸ்இஎச் (விண்டோஸின் சொந்த எக்ஸெப்ஷன் கையாளும் முறை) ட்ரை பிளாக்கின் ஃபில்டர் இடத்திலிருந்து அதையே கூப்பிடுங்கள். டீபக்கர் இருந்தாலும் அது ஓடும்.