ஓடிபியும் கையெழுத்துதான்: கடன் தவணைக்கு ஆதார் மூலம் சம்மதம் தரலாமா?

கேள்வி: மகனுக்கு டூவீலர் கடன் வாங்குகிறோம். நானும் கூட்டுக் கடன்தாரர். மாதத் தவணை 4,350 ரூபாய், 36 மாதம். என் பென்ஷன் கணக்கிலிருந்து தவணை எடுக்க, "ஆதார் நம்பரைப் போட்டு ஓடிபி சொல்லுங்கள், போதும்" என்கிறார் ஃபைனான்ஸ் கம்பெனி ஆள். அவர் காட்டிய பக்கத்தில் அதிகபட்சத் தொகை 10,000 என்றும் முடிவு தேதி 2055 என்றும் இருந்தது. பயந்து நிறுத்திவிட்டேன். பழையபடி காகிதத்தில் கையெழுத்துப் போட்டுத் தரலாமா?
- வாசகி, கரூர்

பதில்: நிறுத்தியது நல்லதாயிற்று, அம்மா. அந்த இரண்டு எண்களையும் திருத்தாமல் சம்மதம் தராதீர்கள், காகிதத்திலும் சரி, ஆதாரிலும் சரி.

இதற்குப் பெயர் ஈ-மேண்டேட். என்பிசிஐ என்ற தேசியப் பணப்பட்டுவாடா கழகம் நடத்தும் 'நாச்' அமைப்பு வழியாக மாதாமாதம் உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்க நீங்கள் தரும் அனுமதி. ஆதார் ஓடிபி மூலம் போடும் மின்கையெழுத்துக்கு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் 2015 முதலே சட்ட அங்கீகாரம் உண்டு. காகிதப் படிவம் ஸ்கேன் ஆகி வங்கிக்குப் போய், கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திரும்பி வருவது சர்வசாதாரணம். அந்த அலைச்சல் இதில் இல்லை. ஆதார் தர மனமில்லையா? நெட்பேங்கிங் அல்லது டெபிட் கார்டு மூலமாகவும் இதே மேண்டேட்டைப் பதியலாம், கேளுங்கள்.

ஆனால் "ஓடிபி சொல்லுங்கள்" என்கிறாரே, அதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். புரோநோட்டில் உங்களுக்காக இன்னொருவர் கையெழுத்துப் போட விடுவீர்களா? பக்கத்தை முழுக்கப் படித்துவிட்டு, உங்கள் கையாலேயே உங்கள் போனில் அடியுங்கள்.

இப்போது அந்த எண்கள். அதிகபட்சத் தொகை 10,000 என்றால், ஒவ்வொரு முறையும் அதுவரை கேட்க அவர்களுக்கு வழி திறந்துவிடுகிறீர்கள். வட்டி ஏறி இறங்கும் வீட்டுக் கடனில் தவணையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பதில் நியாயம் உண்டு. டூவீலர் கடனில் பெரும்பாலும் வட்டி நிலையானது. 4,350 மட்டும் போடச் சொல்லுங்கள். பிடிவாதம் பிடித்தால் 5,000 வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம். 'எப்போது கேட்டாலும்' என்ற தெரிவு இருந்தால் 'மாதம்' என்று மாற்றச் சொல்லுங்கள். முடிவு தேதி, கடைசித் தவணைக்கு இரண்டு மூன்று மாதம் தள்ளி இருந்தால் போதும். மூன்று வருடக் கடனுக்கு 2055 எதற்கு?

பென்ஷன் கணக்கைக் கொடுக்காதீர்கள் என்பது என் அழுத்தமான கருத்து. 2021 ஆகஸ்ட் 1 முதல் நாச் ஞாயிறு, விடுமுறை நாட்களிலும் இயங்குகிறது. பென்ஷன் ஒரு நாள் தாமதமானாலும் தவணை திரும்பும். வங்கி ஒரு அபராதம், கடன் கொடுத்தவர் ஒரு அபராதம். இருப்பு இல்லாமல் தவணை திரும்புவது, 2007ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடா சட்டம் 25ஆம் பிரிவின்படி, செக் திரும்புவதைப் போலவே வழக்குக்கு இடம் தரும். கார்டு, யூபிஐ ஆட்டோபேவில் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் சொல்ல வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. அது நாச்சுக்குப் பொருந்தாது. மகன் பெயரில் தனிக் கணக்கு வைத்து, தவணை தேதிக்கு மூன்று நாள் முன்பே அதில் பணம் போடச் சொல்லுங்கள். வண்டி ஓட்டப்போவது அவர்தானே.

அப்போது மேண்டேட்டும் மகனுடையதாகிவிடும். அவர் ஆதாரில் இனிஷியல் பின்னால், பாஸ்புக்கில் முன்னால், அல்லது ஒன்றில் அப்பா பெயர் முழுசாக என்று இருந்தால், பெயர் பொருந்தவில்லை என்று நிராகரிக்கப்படலாம். நம் ஊரில் இது அடிக்கடி நடக்கிறது. முதலில் அதைச் சரிபாருங்கள். அவர் இப்போது வைத்திருக்கும் போன் நம்பர்தான் ஆதாரில் இருக்கிறதா என்பதையும்.

பதிவானதும் யுஎம்ஆர்என் என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த 20 இலக்க மேண்டேட் எண் கிடைக்கும். அதைக் கடன் ஃபைலில் எழுதி வையுங்கள். கடன் முடிந்து என்ஓசி (பாக்கி இல்லை என்ற சான்று) வாங்கும் அன்றே, அந்த எண்ணைக் குறிப்பிட்டு மேண்டேட்டை ரத்து செய்யும்படி கம்பெனிக்கும் வங்கிக்கும் எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். இடையில் கோபத்தில் ரத்து செய்தால் கடன் அப்படியேதான் நிற்கும், அபராதம் ஏறும். தப்பாகப் பணம் எடுத்தார்கள் என்றால் முதலில் கம்பெனிக்கும் வங்கிக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) கட்டணமில்லாமல் போகலாம்.