பூட்டு உடையாமல் குசினிக் கதவால் கள்ளன் நுழைந்தது எப்படி?

பெரும்பாலும் பிணைச்சல் (கதவை நிலையோடு இணைக்கும் கீல்) பக்கத்தால்தான். ஆமைப்பூட்டு அப்படியே தொங்குகிறது, கூரை ஓடும் பிரிபடவில்லை, கொக்குவில் வீட்டின் குசினிக் கதவு வெளிப்புறமாகத் திறப்பது என்று எழுதியிருக்கிறீர்கள். அவ்வாறான கதவில் பிணைச்சலின் இரு தகடுகளையும் கோக்கும் ஊசி வெளியே இருக்கும். அதைக் கீழிருந்து ஆணியால் தட்டி எடுத்துவிட்டால், பூட்டு எவ்வளவு பாரமானதாயினும் கதவு மறுபக்கத்தால் கழன்றுவிடும். பூட்டுக்குச் செலவழிக்கும் நாம் இதைக் கவனிப்பதேயில்லை.

கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்று பாருங்கள்: ஊசியில் புதுக் கீறலோ, துரு உதிர்ந்த மினுக்கமோ தெரிந்தால் அதுவே வழி. பொலிஸார் கைரேகை எடுக்கும்வரை தொட வேண்டாம்.

பின்னர், ஒவ்வொரு பிணைச்சலிலும் நேரெதிரான இரு திருகாணிகளைக் கழற்றி, நிலைப்பக்கத் துளையில் தலையில்லாத தடித்த ஆணியை அரை அங்குலம் வெளியே நிற்க இறுக்குங்கள். சாத்தும்போது அது எதிர்த்துளைக்குள் புகுவதால், ஊசி போனாலும் கதவு கழலாது. நிலையைக் கறையான் அரித்திருந்தால் இது பயன்படாது.