விமானப் பயிற்றுநர் ஆக எவ்வளவு செலவாகும்? அதை நம்பி இறங்கலாமா?

நான்கு வருடமாக வட இந்தியாவில் ஒரு பயிற்சிப் பள்ளியில் செஸ்னா 172-இன் வலது இருக்கையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பெரிய பணம் பயிற்றுநர் தகுதிக்குப் போவதில்லை. அதற்கு முன் வாங்க வேண்டிய சிபிஎல் என்ற வணிக விமானி உரிமத்துக்குத்தான் போகிறது. இந்திய விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ கணக்கில் அதற்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். தங்குமிடம், சாப்பாடு, தேர்வு எல்லாம் சேர்த்தால் இன்று 50 லட்சத்தை ஒட்டியோ தாண்டியோ நிற்கும். என் அப்பா நிலத்தை அடமானம் வைத்துத்தான் கட்டினார். அதனால் ஒன்று: வணிக விமானிகளுக்கான கிளாஸ் 1 மருத்துவச் சோதனையில் தேறாமல் எந்தப் பள்ளிக்கும் முன்பணம் கட்டாதீர்கள்.

சரி, சிபிஎல் வந்தாயிற்று. அதற்கு மேல் உதவிப் பயிற்றுநர் தகுதிக்குச் சில லட்சம் ஆகும். இங்கே பணத்தைவிடக் கஷ்டம் 'பேட்டர்'. கை செய்வதை அந்த நொடியிலேயே வாய் விளக்க வேண்டும். நன்றாக ஓட்டத் தெரிந்த நானே முதல் மாதம் திணறினேன். இந்தத் தகுதி வந்தாலும் மாணவரை முதல் சோலோவுக்கு, அதாவது முதல்முறை தனியாகப் பறக்க, அனுப்பும் முடிவு உங்களுடையது இல்லை. முழுப் பயிற்றுநர்தான் பார்த்து அனுப்புவார்.

வேலை கிடைக்குமா? கிடைக்கும். அமெரிக்காவில் ஏர்லைனில் சேரப் பொதுவாக 1500 மணி நேரம் வேண்டும் என்பதால் இளம் விமானிகள் பலர் பயிற்றுநராகித்தான் அதைச் சேர்க்கிறார்கள். இங்கே 200 மணி நேரத்தோடு, குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங் இருந்தாலே ஏர்லைன் எடுத்துக்கொள்ளும். அதனால் அழைப்பு வந்ததும் பயிற்றுநர்கள் கிளம்பிவிடுகிறார்கள், பள்ளிகளில் இடம் காலியாகிக்கொண்டே இருக்கிறது. பாதிப் பயிற்சியில் ஆள் மாறினால் மாணவர் படும் பாடு கொஞ்சமல்ல. அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனசு ஆறவில்லை. குறைந்தது இரண்டு வருடமாவது இருப்பேன் என்றால் வாருங்கள். சொல்லிக்கொடுக்கும் நேரம் உங்கள் லாக்புக்கில் (பறந்த நேரக் குறிப்பேட்டில்) பைலட்-இன்-கமாண்ட் நேரமாகவே, அதாவது விமானத்துக்குப் பொறுப்பான விமானியாகப் பறந்த நேரமாகவே ஏறும். ஏர்லைன் கேப்டனாக வேண்டிய ஏடிபிஎல் உரிமத்துக்குத் தேவையான 1500 மணி நேரத்துக்கும் அது சேரும்.

சம்பளம் பல இடங்களில் ஒரு நிலையான தொகை, அப்புறம் பறக்கும் மணிக்கு இவ்வளவு. மழைக்காலத்திலும் பனிமூட்டத்திலும் விமானம் தரையிலேயே நிற்கும், அந்த மாதங்களில் கையில் வருவது குறையும். சேரும் முன் அந்த நிலையான தொகை எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பறக்கும் நிலையில் எத்தனை விமானங்கள் இருக்கின்றன என்பதை விமானங்களை நிறுத்தும் ஹாங்கருக்கே போய் எண்ணிப் பாருங்கள்.