பட்டி நாயிக்கு பின்னங்கால் இழுக்குது, தொடை கரைஞ்சு போச்சு

கேள்வி: டாக்டர் சார் வணக்கம். நமக்கு ஒடுகத்தூர் பக்கம் மாந்தோப்பு, ஆடு ஒரு முப்பது கீது. பட்டியில காவலுக்கு இருக்குற நாட்டு நாயிக்கு 11 வயசு, 20 கிலோ இருக்கும். நாலு மாசமா எழுந்துக்கவே கஷ்டப்படுது, பின்னங்கால் ஆடுது, தொடை ரெண்டும் எலும்பும் தோலுமா ஆயிடுச்சு. வயசாயிடுச்சு விடுன்றாங்க. எங்கம்மா போடுற மூட்டுவலி மாத்திரைய பாதி ஒடச்சு ரெண்டு நாள் குடுத்தேன், கொஞ்சம் தேவலாம் போல இருந்துச்சு. தொடர்ந்து குடுக்கலாமா?

பதில்: அண்ணே, மொதல்ல அந்த மாத்திரைய நிறுத்துங்க. டைக்ளோபினாக், இபுபுரூபன் இதெல்லாம் நமக்கு ஒத்துக்கிற மாதிரி நாயிக்கு ஒத்துக்காது, வயித்துல புண்ணாக்கி கிட்னியையும் கெடுக்கும். வாந்தி எடுத்தாலோ, கறுப்பா தார் மாதிரி வெளிக்கு போனாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு தூக்கினு போங்க. மாத்திரை குடுத்தத டாக்டர் கிட்ட மறைக்காதீங்க, ஏன்னா அவர் அது தெரியாம மெலாக்சிகாம்ன்ற வலி மருந்தோ ஸ்டீராய்டோ போட்டுட்டா ரெண்டும் சேர்ந்து வயித்த ஓட்டை பண்ணிடும்.

வயசுன்றது ஒரு நோய் இல்லண்ணே, அந்த வயசுல வர்ற நோய் நாலஞ்சு இருக்கு, அதுல எதுன்னு பாக்கணும். இப்பவே வீட்ல ஒண்ணு பாருங்க. பின்னங்கால தூக்கி நடுவுல இருக்குற ரெண்டு நகத்த பாருங்க, நகத்தோட மேல்பக்கம் தேஞ்சு, தோல்ல சிராய்ப்பு இருந்தா அது பாதத்த தூக்கி வைக்காம தரையில இழுத்துகினு நடக்குதுன்னு அர்த்தம். சிமெண்ட் தரையில நடக்கும்போது சரக் சரக்னு சத்தமே கேக்கும். அப்புறம் நாய நிக்க வச்சு, ஒருத்தர் வயித்த தாங்கிக்க, பின் பாதத்த மடக்கி மேல்பக்கம் தரையில படுற மாதிரி வச்சு விடுங்க. நல்ல நாயி உடனே திருப்பிக்கும். அப்படியே விட்டுட்டு நின்னா அது நரம்பு, முதுகெலும்பு சமாச்சாரம். ஜெர்மன் ஷெப்பர்டுக்கு வர்ற ஒரு தண்டுவட நோயி இருக்கு, வலியே இருக்காது, ஆனா மாசக்கணக்குல கால் போயிகினே இருக்கும், அதுக்கு மருந்து கிடையாது. நாட்டு நாயில அது அவ்வளவா நான் பாத்ததில்ல.

நீங்க சொல்றத வச்சு பாத்தா எனக்கு இடுப்பு மூட்டு தேய்மானம்னு தான் தோணுது. காலையில எழுந்துக்க முக்கும், பத்தடி நடந்தா கொஞ்சம் சரியாகும், வலிக்குதுன்னு எடைய முன்னங்கால்ல போட்டுக்கும், அதனால தோள் தடிச்சு தொடை கரையும். மாத்திரைல தேவலாம்னா வலி இருந்திருக்குன்னு தானே அர்த்தம்.

ஆனா நம்ம ஊர்ல உண்ணிக் காய்ச்சல விட்டுட்டு பேச முடியாது. ஆட்டுப்பட்டில படுக்குற நாயி வேற. ஈறு வெளுத்து, சோர்ந்து, மூக்குல ரத்தம் வந்தா கட்டாயம் சந்தேகப்படணும், அதெல்லாம் இல்லாமலே மூட்டு வீங்கி இளைக்கிற நாயும் உண்டு. ரத்த டெஸ்ட்ல தெரிஞ்சிடும். டாக்டர் டாக்சிசைக்ளின் எழுதினா பொதுவா 28 நாள், ஒரு வாரத்துல ஓட ஆரம்பிச்சிடுச்சேன்னு நிறுத்தாதீங்க, சோத்தோட வச்சு குடுங்க. நாய் மேல மட்டும் மருந்து போட்டா பத்தாது, செவத்து இடுக்குல தான் உண்ணி குடும்பம் நடத்தும். மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்த கண் அளவுல கலந்து நாய் மேல ஊத்துறத மட்டும் பண்ணாதீங்க, அதுலயே செத்த நாய் இருக்கு.

சாப்பாடு கேழ்வரகு கூழும் மிச்ச சோறும் தானே போடுவீங்க? அதுல தொடை எங்கேந்து ஏறும். கிட்னி நல்லா இருக்குன்னு தெரிஞ்சா தினம் ரெண்டு அவிச்ச முட்ட, எலும்பு எடுத்த கோழிக்கறி கொஞ்சம் சேருங்க. வெங்காயம் போட்ட குழம்ப ஊத்தாதீங்க, நாயிக்கு ரத்தம் கொறையும். உடம்பு மட்டும் குண்டாக விடக்கூடாது, இடுப்பு தாங்காது.

கட்டிப் போட்டே வச்சா இருக்குற சதையும் போயிடும். வெயில் ஏறுறதுக்கு முன்ன உழுத மண்ணுல பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம் நடத்துங்க. கரும்பையோ மூங்கில் குச்சியோ அடிக்கு ஒண்ணா தரையில போட்டு மெதுவா தாண்ட விடுங்க, கால தூக்கி வைக்க பழகும். தடுமாறினா பழைய வேட்டிய வயித்துக்கு அடியில விட்டு மேல புடிச்சுக்கோங்க. படுக்க கோணிப்பையில வைக்கோல் திணிச்சு போடுங்க, வழுக்குற தரை வேணாம்.

ஒரு விஷயம். திடீர்னு ஒரே நாள்ல ரெண்டு காலும் விழுந்து, மூத்திரம் போகலன்னா காத்திருக்காதீங்க. அதே மாதிரி ரெண்டு மூணு நாள்ல கால் விழுந்து, எச்சில் ஒழுகி, குரல் மாறி, தண்ணி முழுங்க முடியலன்னா வாயில கை விடவே கூடாது, வெறிநோயா (ரேபிஸ்) இருக்கலாம். உங்க நாயி நாலு மாசமா இருக்குறதால அது இல்ல, ஆனாலும் தடுப்பூசி போட்ட தேதிய பாத்து வச்சுக்கோங்க.

வேலூர்ல பெரிய கால்நடை ஆஸ்பத்திரிக்கு கூட்டினு போயி இடுப்பு எக்ஸ்ரே, ரத்தம் ரெண்டும் பாருங்க. நரம்புன்னா சென்னை வேப்பேரி கால்நடை காலேஜுக்கு அனுப்புவாங்க. போறதுக்கு முன்ன ஒரு நூலால ரெண்டு தொடையையும் சுத்தி அளந்து முடிச்சு போட்டு வைங்க, மாசத்துக்கு ஒருதரம் அதே நூல வச்சு பாத்தா ஏறுதா எறங்குதான்னு தெரியும். ரிப்போர்ட் வந்ததும் பிளேட்லெட்டும் (ரத்தம் உறைய வைக்கிற அணு) கிரியாட்டினினும் (கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுறது) எவ்வளவுன்னு எழுதுங்க, அந்த நகத்தையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க.