இறக்கை இல்லாத ராக்கெட்டுக்கு நாலு முழ நூல்

வாசகர் கேள்வி – பதில்
(பதில் சொல்பவர் வேலூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் பட்டறை ஆசிரியர்)

நான் காட்பாடியில் இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ராக்கெட் செய்தால் ஒவ்வொரு முறையும் தரையில் விழும்போது இறக்கை உடைகிறது. இறக்கையே இல்லாமல், அடியில் பாவாடை மாதிரி விரிந்த கூம்பு வைத்து அமெரிக்காவில் பெரிய மோட்டார் ராக்கெட்டே விடுகிறார்களாம். குறைந்த செலவில் நானும் செய்யலாமா? என் வடிவம்: விட்டம் 9 செ.மீ., மூக்குக் கூம்பு 18 செ.மீ., உடல் 40 செ.மீ., அடிக் கூம்பு 20 செ.மீ. நீளம், அதன் அடி விட்டம் 18 செ.மீ.

அளவோடு கேட்டிருக்கிறீர்கள் தம்பி. அதனால் அளவோடே சொல்கிறேன்.

தீபாவளி ராக்கெட்டில் குச்சியை உடைத்துவிட்டுக் கொளுத்தினால் என்ன ஆகும் என்று தெருவில் எல்லாருக்கும் தெரியும். பறப்பது நேராக இருக்க வேண்டுமென்றால், காற்று பக்கவாட்டில் தள்ளும் இடம் எடை மையத்துக்குப் பின்னால் இருக்க வேண்டும். குச்சி அந்த வேலையைச் செய்கிறது, இறக்கையும் அதையே செய்கிறது. உங்கள் பாவாடைக் கூம்பும் செய்யும்.

1966-ல் ஜேம்ஸ் பாரோமன் என்ற அமெரிக்க ராக்கெட் பொறியாளர் எழுதிய கணக்கு முறை இதற்கு உதவும். ஒவ்வொரு பகுதியையும் காற்று எவ்வளவு தள்ளும் என்பதற்கு அதில் மதிப்பெண் போடுவார்கள். மூக்குக் கூம்புக்கு 2 மதிப்பெண், அது வேலை செய்யும் இடம் நுனியில் இருந்து 12 செ.மீ. நேரான உடலுக்கு மதிப்பெண் இல்லை. அடிக் கூம்பு விட்டத்தை இரண்டு மடங்காக்குவதால் அதற்கு 6, இடம் 69 செ.மீ. மதிப்பெண்படி இரண்டுக்கும் சராசரி எடுத்தால் காற்றழுத்த மையம், அதாவது மொத்தத்தில் காற்று தள்ளும் இடம், நுனியில் இருந்து சுமார் 55 செ.மீ.-ல் வருகிறது. பாவாடையைக் கழற்றிப் பாருங்கள், அது 12 செ.மீ.-க்கு ஓடிவிடும், ராக்கெட் குட்டிக்கரணம் போடும். எடை மையம் ஒரு விட்டமாவது முன்னால் இருக்க வேண்டும், அதாவது 46 செ.மீ. அல்லது அதற்கும் குறைவு. விரலில் வைத்துச் சமன் பாருங்கள். பின்பாரமாக இருந்தால் மூக்குக்குள் களிமண் அடையுங்கள். உலோகம் வேண்டாம், ராக்கெட் தலைகீழாகத்தான் இறங்கும்.

பிறகு நூல். அந்தச் சமன் புள்ளியில் நாலு முழ நூல் கட்டி, தலைக்கு மேல் சுழற்றுங்கள். மூக்கு முன்னே போனால் சரி. பின்னே போனால் அன்றைக்கு விடாதீர்கள். இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை நேரமில்லை என்று நூல் பார்க்காமல் விட்டேன். பத்தடி ஏறிய ராக்கெட் படுத்துக்கொண்டு மாணவர்கள் நின்ற பக்கமே வந்தது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மோட்டார் விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவில் 160 நியூட்டன்-நொடிக்கு (மோட்டார் தரும் மொத்த உந்துதலின் அளவு) மேலான ‘எச்’ வகையில் இருந்துதான் பெரிய மோட்டார் என்பார்கள். அதை வாங்கவே சான்றிதழ் கேட்பார்கள். இங்கே உரிமம் இல்லாமல் வெடிமருந்து கலப்பது 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டப்படி குற்றம். அந்த ஆசையை விட்டுவிடுங்கள், இதே வடிவத்தில் தண்ணீர் ராக்கெட் செய்யுங்கள். சோடா, கோலா வருகிற பாட்டில்தான் எடுக்க வேண்டும், குடிநீர் பாட்டில் அழுத்தம் தாங்காது. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், சைக்கிள் பம்பில் 60 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும். பாவாடைக்குச் சார்ட் அட்டையும் ஃபெவிகாலும், வெளியே நனையாமல் செல்லோ டேப்பும் போதும். துணிக்கடையில் தூக்கிப்போடும் அட்டைக் குழாயும் கேட்டால் கொடுப்பார்கள்.

ஒரு நுணுக்கம். கிளம்பும்போது தண்ணீர் முழுக்க அடியில் இருப்பதால் எடை மையம் பின்னால் நிற்கும். நீர் வெளியேறும் வரை வடிவம் உதவாது, வழிகாட்டிக் கம்பிதான் உதவும். உடலில் இரண்டு வளையம் ஒட்டி, ஒரு மீட்டருக்குக் குறையாத நேர் கம்பியில் ஏற்றுங்கள். பாவாடை காற்றை நிறைய இழுக்கும் என்பதால் உயரம் குறையும். உங்களுக்கு அது இழப்பே இல்லை, ராக்கெட் பக்கத்திலேயே விழும், உடைய இறக்கையும் இல்லை.

என் மகன் தீக்குச்சி மருந்தைச் சுரண்டிக் குழாயில் அடைக்கிறான். பக்கத்து வீட்டுப் பையன்களும் கூட இருக்கிறார்கள். திட்டினால் ‘விஞ்ஞானம்’ என்கிறான். – ஒரு தாய், குடியாத்தம்

அம்மா, இன்றைக்கே அந்தக் குழாயை அவனிடமிருந்து வாங்கிவிடுங்கள். அதைத் தட்டவோ திருகவோ வேண்டாம், தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டு அகற்றச் சொல்லுங்கள். தீப்பெட்டித் தொழில் செய்யும் ஊரில் இருக்கிறீர்கள், அந்த மருந்து உரசினாலே பற்றும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரும்புக் குழாயில் அடைத்தால் அது ராக்கெட் இல்லை, வெடிகுண்டு. விரல்களும் கண்களும் அதில்தான் போகின்றன. பையனின் ஆசையை மட்டும் அடக்காதீர்கள். ஒரு பாட்டிலும் சைக்கிள் பம்பும் வாங்கிக் கொடுங்கள். அழுத்தம் ஏறும்போது எல்லாரும் பதினைந்து மீட்டர் தள்ளி நின்று, நீளக் கயிறு இழுத்து விடச் சொல்லுங்கள்.

இறக்கையோ குச்சியோ இல்லாத ராக்கெட் புதுக் கண்டுபிடிப்பா? – வேலூர் வாசகர்

புதிது இல்லை. ஹைதர், திப்பு காலத்து ராக்கெட்டில் இரும்புக் குழாயோடு மூங்கில் கட்டியிருந்தார்கள். 1780-ல் காஞ்சிபுரம் பக்கம் புள்ளலூர்ப் போரில் அவை பாய்ந்தன. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பின் திப்புவின் குடும்பத்தை நம் வேலூர்க் கோட்டையில்தான் வைத்தார்கள். அந்த ராக்கெட்டைப் பார்த்து இங்கிலாந்தில் காங்கிரீவ் என்பவர் செய்ததிலும் குச்சி இருந்தது. 1844-ல் வில்லியம் ஹேல் என்ற ஆங்கிலேயர்தான் குச்சியை எடுத்தார். புகை வெளியேறும் வழியைச் சாய்த்து, ராக்கெட்டையே பம்பரமாகச் சுழல வைத்தார். கோட்டைக்குள் திப்பு மகாலைப் பார்க்கும் போதெல்லாம் எனக்கு அந்த மூங்கில்தான் நினைவுக்கு வரும்.

அரக்கோணத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் விடலாமா?

வேண்டாம். அங்கே கடற்படையின் ராஜாளி விமானதளம் இருக்கிறது, மேலே எதையும் அனுப்பாதீர்கள். மொட்டை மாடி எந்த ஊரிலும் கூடாது. இந்தப் பக்கம் என்றால் அப்துல்லாபுரம் விமான நிலையத்தை விட்டுத் தள்ளி, தண்ணீர் இல்லாத நாளில் பாலாற்று மணலுக்குப் போங்கள். காலை ஏழு மணிக்குள் காற்று அடங்கியிருக்கும். மாடு மேய்ப்பவர்கள் வந்தால் அவர்கள் கடந்து போகும் வரை பம்பைத் தொடாதீர்கள்.