டிராக்டரும் கொடியும் மட்டும்தானா?

கேள்வி: சோவியத் படம் என்றாலே டிராக்டர், கொடி, பிரசாரம்தான். காட்டில் சிக்கிய மனிதர்கள் உயிர் பிழைக்கப் போராடுவதைப் பற்றி உருப்படியாக ஒரு படமாவது எடுத்திருக்கிறார்களா?

பதில்: எடுத்திருக்கிறார்கள். மிகயீல் கலத்தோசவ் இயக்கிய 'அனுப்பாத கடிதம்', 1960-ல் வந்தது. அவருடைய 'கொக்குகள் பறக்கின்றன' 1958-ல் கான் திரைப்பட விழாவில் அதன் உயரிய விருதான தங்கப் பனையை வாங்கியதைப் பலரும் சொல்வார்கள். அடுத்து அவர் எடுத்த இந்தப் படத்தைப் பற்றிப் பேச்சே இருக்காது. எனக்கு அதில் தீராத வருத்தம் உண்டு.

புவியியலாளர்கள் உள்ளிட்ட நான்கு பேர், வைரம் தேடி சைபீரியக் காட்டுக்குள் போகிறார்கள். வெறும் கற்பனை அல்ல. சைபீரியாவின் யாகுத்தியா பகுதியில் லரீசா பொப்புகாயெவா என்ற பெண் புவியியலாளர், குழாய் போல நிலத்துக்குள் இறங்கும் வைரப் பாறையைச் சோவியத்தில் முதன்முதலாகக் கண்டுபிடித்தது 1954-ல்தான். படத்திலும் வைரம் கிடைக்கிறது. வரைபடம் தயார். கொண்டாடிவிட்டுத் தூங்கி எழுந்தால், சுற்றிலும் காடு எரிகிறது.

அப்புறம் நடப்பதை செர்கேய் உருசெவ்ஸ்கியின் கேமரா எட்ட நின்று பார்க்கவில்லை. புகைக்குள் அவர்களோடு சேர்ந்து ஓடுகிறது, புதரில் இடிபடுகிறது. நெருப்பு முடிந்தால் மழை, மழை முடிந்தால் பனி. காயம்பட்ட ஒருவன் மற்றவர்களுக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்று தானாகவே விலகிப் போய்விடுகிறான்.

ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். அவர்களிடம் இருக்கும் வயர்லெஸ் பெட்டியில் பேச்சைக் கேட்க முடியும், பதில் பேச முடியாது. வழி தெரியாமல் அலைகிறவர்களுக்கு அதிலிருந்து வாழ்த்துச் செய்தி வருகிறது. பாராட்டுகிற குரலுக்கு இவர்கள் செத்துக்கொண்டிருப்பது தெரியாது. "இங்கே இருக்கிறோம்" என்று சொல்லவும் வழியில்லை. பிரசாரம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டீர்களே, வெறும் பிரசாரத்துக்காகப் படம் எடுப்பவர் இப்படி ஒரு காட்சியை வைப்பாரா?

பிரசாரமே இல்லை என்று சொல்ல மாட்டேன். தொடக்கத்தில் முன்னோடிகளுக்குச் சமர்ப்பணம் இருக்கிறது. குளிரில் நினைவு தப்பும் குழுத் தலைவன் சாபினினுக்கு, அங்கே எழப்போகும் நகரம் கண்ணில் தெரிகிறது. சரி, இருக்கட்டும். ஆனால் அந்தக் கனவுக்காக எத்தனை உயிர் போனது என்பதையும் அதே படம் மறைக்காமல் காட்டுகிறது. மனைவிக்கு அவன் எழுதிய கடிதம் சட்டைப்பைக்குள்ளேயே கிடக்கிறது.

கறுப்பு வெள்ளைப் படம், ஒன்றரை மணி நேரம்தான். முடிவைச் சொல்லப் போவதில்லை. பார்த்துவிட்டு, அந்த வயர்லெஸ் காட்சியைப் பற்றி எனக்கு அவசியம் எழுதுங்கள்.