பழைய பாய்மரத்தைக் கட்டமரானில் ஏற்றலாமா? கேள்வி - பதில்

எல்லோரும் "கட்டமரான்" என்றே எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். நம்முடைய கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போய் இரண்டு உடல்களோடு, அதாவது தண்ணீரில் மிதக்கும் இரண்டு அடிப்பாகங்களோடு, திரும்பி வந்திருக்கிறது. சரி, நானும் அப்படியே எழுதுகிறேன்.

உடைத்த ஒற்றை உடல் படகொன்றின் அலுமினியப் பாய்மரம், கம்பிகளோடு மலிவாகக் கிடைத்தது. அந்தப் படகும் 8 மீற்றர், என் கட்டமரானும் 8 மீற்றர். அப்படியே நிறுத்தலாமா? (வெள்ளவத்தை)

படகின் நீளத்தை மறந்துவிடுங்கள். ஒற்றை உடல் படகு பலத்த காற்றில் சாய்ந்து கொடுக்கும். சாயச் சாயக் காற்று பாயை விட்டு வழுகிப் போகும். கட்டமரான் அப்படிச் சாயாது. அடி முழுவதும் பாய்மரத்திலும் கம்பியிலும்தான் இறங்கும்.

கணக்கு லேசானது. படகின் எடையை, இரண்டு உடல்களின் நடுக்கோடுகளுக்கு இடையிலுள்ள தூரத்தின் பாதியால் பெருக்குங்கள். ஆளும் சாமானும் சேர்த்து 2 தொன், இடைவெளி 4 மீற்றர் என்றால் 4 தொன்-மீற்றர். காற்று கவிழ்க்கப் பார்க்கும்போது படகு எதிர்த்து நிற்கும் பலம் அது. பக்கக் கம்பி பாய்மரத்திலிருந்து 2 மீற்றர் தள்ளிக் கட்டியிருந்தால், காற்றுப் பக்கத்து உடல் நீரைவிட்டுக் கிளம்பும் நேரம் அந்தக் கம்பியில் 2 தொன் இழுவை. படகின் முழு எடை! பழைய படகோடு வந்தது 5 மில்லிமீற்றர் கம்பியானால், அது அறுவதே ஏறத்தாழ அந்தப் பாரத்தில்தான். அலையில் வெட்டி இழுப்பதையும் சேர்த்து இரண்டரை மடங்காவது தாங்கவேண்டும். நானென்றால் 8 மில்லிமீற்றருக்குப் போவேன்.

இன்னொன்று. கம்பி இழுக்க இழுக்கப் பாய்மரம் கீழே அழுத்தும். கட்டமரானில் அதற்குக் கீழே இருப்பது தண்ணீர், உடல் இல்லை. குறுக்குச் சட்டம் அதைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள். பொதுவாக ஒரு சுற்றுப் பெரிய ஒற்றை உடல் படகின் பாய்மரம்தான் உங்களுக்குச் சரிவரும்.

கம்பிகள் பளபளவென்று இருக்கின்றன. மாற்றத்தான் வேண்டுமா? (மட்டக்குளி)

மாற்றுங்கள். கம்பி சாவது அதன் முனையைப் பிடித்திருக்கும் குழலுக்குள். அங்கே உப்புத் தண்ணீர் தேங்கி நிற்கும். வெளிப் பளபளப்பை நம்பி நானும் ஒருமுறை ஏமாந்தேன். பஞ்சால் மேலிருந்து துடைத்துக்கொண்டு வந்தபோது, கீழ்முனைக்கு அரை அங்குலம் மேலே பஞ்சு சிக்கியது. ஒரு இழை அறுந்து மயிர்போல நீட்டிக்கொண்டிருந்தது.

வயது தெரியாத கம்பிக்கு விலையே கிடையாது. புதிது வாங்கும்போது 1×19 என்று கேளுங்கள், 19 இழைகளை ஒரே புரியாக முறுக்கிய விறைப்பான கம்பி அது. புறக்கோட்டையில் "ஸ்டெயின்லெஸ்தான்" என்று சொல்லி வளைந்து கொடுக்கிற 7×19 கம்பியைத் தரக்கூடும். அது கப்பியில் ஓட நல்லது. பாய்மரத்தைப் பிடித்து நிறுத்த உதவாது, இழுபடும்.

பாய்மரம் ஒரு மீற்றர் கூட. எங்கே வெட்டுவது? (தெஹிவளை)

அடியில். தலையில் கப்பியும் கம்பிகளின் பிடியும் இருக்கின்றன. அரித்துப்போன பகுதியும் பெரும்பாலும் அடியில்தான், அதுவும் சேர்ந்து தொலையும். அப்புறம் பூம், அதாவது பாயின் கீழ் விளிம்பைப் பிடிக்கும் கிடைக்கம்பு, பொருத்தும் இடத்தை மேலே ஏற்ற வேண்டும். பாயையும் குறைத்துத் தைக்கவேண்டி வரும்.

றிவெட்டுகளைச் சுற்றி வெள்ளைத் தூள்? (மோதரை)

ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டால் அலுமினியம்தான் கரையும். றிவெட்டைக் கழற்றி ஓட்டையைப் பாருங்கள். நீள்வட்டமாகியிருந்தால் அதே இடத்தில் மறுபடி அடிக்க வேண்டாம். மோனல் (நிக்கலும் செம்பும் கலந்த உலோகம்) றிவெட் போட்டு, இடையில் தடுப்புப் பசை தடவுங்கள்.

பின்கம்பி இல்லாமல் நிற்குமா? (நீர்கொழும்பு)

நிற்கும், பக்கக் கம்பிகளைப் பாய்மரத்துக்குப் பின்னால் தள்ளிக் கட்டினால். அநேக கட்டமரான்கள் அப்படித்தான். ஆனால் பின்காற்றில் பூமை முழுவதும் வெளியே விடமுடியாது, பாய் கம்பியில் உரசும்.

பொல்கொட வாவிக் கரையில் நாங்களே நாலு பேர் சேர்ந்து நிமிர்த்தலாமா? (மொரட்டுவை)

நிமிர்த்தலாம். அதற்கு முன் தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்று பாருங்கள். நிமிர்த்தும் இடத்தில் மட்டும் போதாது, படகை உருட்டிக்கொண்டு வாவிக்குப் போகும் வழி நெடுகப் பாருங்கள்.